கிளம்பாத பொட்டி

பொட்டி கிளம்பலைன்னா உடனே மறுநிறுவலுக்குப் பாயாதீங்க மக்களே. ஏவன்டேல்ல எங்க வீட்டு அக்காவோட 2009 மடிக்கணினி படுத்துடுச்சு. உள்ளே, இப்போ இல்லாத அவங்க அப்பாவோட குரல் பதிவுகள். வேற நகல் கிடையாது.

முதல்ல லினக்ஸ் மின்ட்டை யூஎஸ்பி குச்சியிலிருந்தே, நிறுவாம ஓட்டினேன். பழைய வட்டைப் படிக்க மட்டும் திறந்து, எல்லாத்தையும் வெளிவட்டுக்கு நகலெடுத்தேன். மூணு மணி நேரம், ரெண்டு டீ. (வட்டு கரகரன்னு சத்தம் போட்டா இதுவும் வேணாம், அணைச்சிடுங்க.) பதிவுகளைப் போட்டுக் கேட்டு உறுதி பண்ணின பிறகுதான் நிறுவல்.

எதை நிறுவுறது? விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-லயே முடிஞ்சாச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. பதினொண்ணு, டிபிஎம் 2.0 சில்லு கேட்கும். இந்தக் கிழத்துக்கிட்ட ஏது? :-) மின்ட்டையே போட்டு, தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக் கொடுத்தாச்சு.