ஓடிடி சந்தாதாரரின் குரல் யாருக்குக் கேட்கிறது?

திரையரங்கில் படம் பாதியில் நின்றால் ரசிகர்களின் சீழ்க்கை ஒலி புரொஜெக்டர் அறை வரை கேட்கும். அடுத்த நிமிடமே ஆபரேட்டர் எட்டிப் பார்ப்பார். வீட்டில் தொலைக்காட்சி தெரியாவிட்டால் கேபிள்காரரை அழைக்கலாம். அவர் வரவில்லையென்றால், மாதச் சந்தா வாங்க வரும்போது வாசலிலேயே நிறுத்திக் கேட்கலாம். இன்று அதே திரைப்படத்தை ஓடிடி தளத்தில் பணம் கட்டிப் பார்க்கும் சந்தாதாரருக்கு, படம் ஓடாவிட்டாலோ, கணக்கு முடங்கினாலோ, வேண்டாமென்று விட்ட சந்தாவுக்கு மீண்டும் பணம் பிடிக்கப்பட்டாலோ, யாரிடம் முறையிடுவது என்பது தெரிவதில்லை.

இது சிறிய சங்கடம் போலத் தோன்றலாம். ஆனால், கோடிக்கணக்கான குடும்பங்களின் வங்கிக் கணக்குகளோடு பிணைந்துவிட்ட ஒரு சேவையில், உதவி கிடைக்காத இடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. அந்த இடத்தில் மோசடிக்காரர்கள் கடை விரிக்கிறார்கள்.

இந்தியாவில் ஹாட்ஸ்டார் 2015-லும், நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ ஆகியவை 2016-லும் அறிமுகமாயின. தொடக்கத்தில் இவை நகர்ப்புற இளைஞர்களின் பொழுதுபோக்காகவே இருந்தன. 2020-இல் கரோனா பொதுமுடக்கம் திரையரங்குகளை மூடியபோது நிலைமை மாறியது. அந்த ஆண்டு மே மாதம் 'பொன்மகள் வந்தாள்', நவம்பரில் 'சூரரைப் போற்று' ஆகிய படங்கள் நேரடியாக இணையத்தில் வெளியாயின. கைப்பேசியில் அழைப்பை ஏற்பதைத் தவிர வேறொன்றும் அறியாத முதியோரும் பிள்ளைகளின் உதவியோடு ஓடிடி பார்வையாளர்கள் ஆனார்கள். பார்வையாளர் வட்டம் விரிந்த வேகத்தில், அவர்களுக்கு உதவும் ஏற்பாடுகள் விரியவில்லை.

எங்கே சிக்கல்?

சிக்கல்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் தொடங்குகின்றன. முதலாவது, கணக்குக்குள் நுழைவது. பல தளங்களில் கைப்பேசி எண்ணும் அதற்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லுமே திறவுகோல். எண் தொலைந்துபோனால் கணக்கும் கைவிட்டுப் போகிறது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அப்படியானால், பழைய எண்ணில் பதிவான சந்தாவை அதன் உண்மையான உரிமையாளர் மீட்பது எப்படி? தளத்தில் உள்ள ஆயத்தக் கேள்வி-பதில் பட்டியல் இதற்கு உதவாது. ஆவணங்களைப் பார்த்து முடிவெடுக்க ஒரு மனிதர் தேவை.

இரண்டாவது, பணம் யாருக்குப் போகிறது என்ற குழப்பம். ஒரே தளத்தின் சந்தாவைத் தளத்திலேயே வாங்கலாம். கைப்பேசியின் செயலிக் கடை வழியாக வாங்கலாம். ரீசார்ஜ் திட்டத்தோடும், பிராட்பேண்ட் இணைப்போடும் சேர்த்துப் பெறலாம். கோளாறு வரும்போது, 'எங்களிடம் வாங்கவில்லை' என்று தளம் கைவிரிக்கிறது. 'படம் காட்டுவது அவர்கள்தான்' என்று தொலைத்தொடர்பு நிறுவனம் திருப்பி அனுப்புகிறது. இருவருக்கும் இடையில் சந்தாதாரர் பந்தாடப்படுகிறார்.

மூன்றாவது, தானியங்கிப் புதுப்பித்தல். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் செயலி போனாலும், வங்கிக்குக் கொடுத்த ஒப்புதல் அப்படியே இருக்கும். மாதந்தோறும் பணம் போய்க்கொண்டிருக்கும்.

இவற்றோடு, தளங்கள் அவ்வப்போது விதிகளை மாற்றுகின்றன. வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுடன் கடவுச்சொல்லைப் பகிர்வதற்கு 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் தடை விதித்தது. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஒரே தளமாக இணைந்தன. அதே ஆண்டு ஜூனில் பிரைம் வீடியோவில் விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கின. இவை வணிக முடிவுகள். எடுக்க அந்நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. ஆனால், 'நான் முன்பே கட்டிய பணத்துக்கு இனி என்ன கிடைக்கும்?' என்று கேட்கும் உரிமை சந்தாதாரருக்கும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பல இடங்களில் பதில் சொல்ல வருவது, ஆங்கிலத்தில் உரையாடும் ஒரு தானியங்கி மென்பொருள்தான்.

போலி உதவி எண்கள்

பதில் கிடைக்காதவர் அடுத்து என்ன செய்வார்? தேடுபொறியில் தளத்தின் பெயரோடு 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று தட்டச்சு செய்வார். அந்தத் தேடலுக்காகவே காத்திருக்கிறது ஒரு கூட்டம். போலி எண்களை இணையப் பக்கங்களிலும், சமூக ஊடகங்களிலும், வரைபடச் சேவைகளிலும் பதிவேற்றிவைத்து, நிறுவனத்தின் ஊழியர் போலவே கனிவாகப் பேசுவார்கள். 'பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஒரு செயலியை மட்டும் பதிவிறக்குங்கள்' என்பார்கள். அது கைப்பேசித் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் செயலி. அடுத்த சில நிமிடங்களில் வங்கிக் கணக்கு காலியாகிவிடும்.

இந்த மோசடி முறை புதிதல்ல. தொலைவிலிருந்து இயக்கும் செயலிகளின் ஆபத்து குறித்து 2019-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2022 மார்ச்சில் அது வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடும் தேடுபொறிகளில் கிடைக்கும் போலி சேவை எண்களைத் தனியாகச் சுட்டிக்காட்டியது. ஆயினும், எச்சரிக்கை மட்டும் போதாது. உண்மையான எண் எளிதில் கண்ணில் படாதவரை, போலி எண்ணைத் தேடிச் செல்பவர்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள். ஏமாந்தவரின் அறியாமையைக் குறை சொல்வது எளிது. உண்மையான எண்ணை உள்பக்கங்களில் ஒளித்துவைத்தவரின் பொறுப்பைக் கேட்பதே முறை.

சட்டம் எதைப் பார்க்கிறது?

ஓடிடி தளங்களைக் கட்டுப்படுத்த நாட்டில் விதிகளே இல்லை என்பதல்ல. 2020 நவம்பரில் இவை மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும், புகார்மீது 15 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. அதற்கு மேல் சுய ஒழுங்குமுறை அமைப்பு, அதற்கும் மேல் அரசின் கண்காணிப்பு என்று மூன்று அடுக்குகள் உள்ளன.

ஆனால், இந்த மூன்று அடுக்குகளும் ஆராய்வது காட்சி உள்ளடக்கத்தை. வயது வகைப்பாடு சரியா, காட்சி ஆபாசமா, வசனம் யார் மனதையாவது புண்படுத்துகிறதா என்பவையே அங்கு கேள்விகள். உள்ளடக்கத்தைக் காரணம் காட்டி, 2024 மார்ச்சில் 18 தளங்களையும், 2025 ஜூலையில் 25 தளங்களையும் முடக்க மத்திய அரசு ஆணையிட்டது. திரையில் என்ன ஓடுகிறது என்பதில் இவ்வளவு கூர்மை காட்டும் கண்காணிப்பு, திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவரின் பணத்துக்கு என்ன நேர்கிறது என்பதில் மௌனமாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது கேபிள், டிடிஎச் சேவைகளின் நிலை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, அந்நிறுவனங்கள் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணோடு வாடிக்கையாளர் சேவை மையம் நடத்தியாக வேண்டும். ஒரே தொலைக்காட்சிப் பெட்டியில், ஒரே திரைப்படம். டிடிஎச் வழியாக வந்தால் உதவி பெறுவதற்குத் தனி ஒழுங்குமுறை உண்டு. இணையம் வழியாக வந்தால் இல்லை. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது.

நுகர்வோர் சட்டத்தின் கதவு

இருந்தாலும், சந்தாதாரர் முற்றிலும் நிராதரவாக நிற்கவில்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், டிஜிட்டல் பொருள்கள் உள்ளிட்ட, இணையம் வழியாக விற்கப்படும் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் பொருந்தும். ஓடிடி சந்தாவும் அதில் அடங்கும் என்பதே அந்த வரையறையின் நேர்ப்பொருள். வாடிக்கையாளர் சேவை மையம், குறைதீர் அலுவலர் ஆகியோரின் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்களையும் தளத்தில் தெளிவாக வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்த வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன.

சேருவதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் அமைக்கும் தந்திரமும் சட்டத்தின் பார்வைக்குத் தப்பவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. 'சந்தா பொறி' அவற்றில் ஒன்று. விலகும் வழியை மறைப்பது, தேவையின்றிச் சிக்கலாக்குவது, இலவசச் சந்தாவுக்கும் கட்டண விவரங்களைக் கேட்டுக் கட்டாயப்படுத்துவது ஆகியவை இதில் அடங்கும். இத்தகைய வடிவமைப்புகள் தங்கள் தளத்தில் உள்ளனவா என்று மூன்று மாதங்களுக்குள் தணிக்கை செய்யுமாறு 2025 ஜூனில் மின்வணிக நிறுவனங்களை ஆணையம் அறிவுறுத்தியது.

சட்டம் எழுத்தில் இருக்கிறது; அதைக் கட்டாயப்படுத்தும் கரம்தான் தளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில், மக்களின் தெளிவான ஒப்புதலின்றிப் பிரைம் சந்தாவில் சேர்த்ததாகவும், விலகுவதை வேண்டுமென்றே சிக்கலாக்கியதாகவும் அமேசான்மீது அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் வழக்குத் தொடுத்தது. 2025 செப்டம்பரில் அந்நிறுவனம் 250 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கானது. கண்காணிப்பு அமைப்பு உறுதியாக நின்றால் பெருநிறுவனமும் இறங்கிவரும் என்பதற்கு இது சான்று.

நிறுவனங்களின் வாதமும் பதிலும்

மிகக் குறைந்த கட்டணத்துக்குச் சேவை வழங்கும்போது, கோடிக்கணக்கானோரின் தொலைபேசி அழைப்புகளை ஏற்க ஊழியர்களை அமர்த்துவது கட்டுப்படியாகாது என்று நிறுவனங்கள் கூறக்கூடும். பெரும்பாலான ஐயங்களுக்கு உதவிப் பக்கமே போதும் என்பதும் ஓரளவு உண்மை. படத்தின் தரத்தைக் கூட்டுவதற்கோ, மொழியை மாற்றுவதற்கோ தொலைபேசி அழைப்பு தேவையில்லை. ஆனால், பணம் பிடிக்கப்பட்டது, கணக்கு பறிபோனது, சந்தாவை நிறுத்த முடியவில்லை ஆகிய மூன்றும் வேறு வகை. இவற்றுக்கு மட்டுமாவது மனிதக் குரல் எட்ட வேண்டும். தமிழ்ப் படங்களைக் காட்டித் தமிழ்நாட்டில் சந்தா திரட்டும் தளம், அந்தக் குரலைத் தமிழிலும் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையல்ல.

இதில் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் நிலையைத் தனியாகக் கருத வேண்டும். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது. இணையவழி அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கு அது. என்றாலும், திரையைப் பார்க்க இயலாதவரைத் திரையில் தோன்றும் உரையாடல் பெட்டியோடு மட்டும் மல்லுக்கட்ட வைப்பது அத்தீர்ப்பின் உணர்வுக்கு உகந்ததல்ல.

செய்ய வேண்டியது

அரசு செய்ய வேண்டியது புதிய சட்டம் இயற்றுவதல்ல. டிடிஎச் சேவைக்கு இருப்பதுபோன்ற சேவைத் தரத்தை ஓடிடி தளங்களுக்கும் வரையறுக்கலாம். கட்டண ரசீதிலும் செயலியின் முதல் பக்கத்திலும் உதவி எண்ணைக் கட்டாயமாக்கலாம். தொகுப்புத் திட்டங்களில் பணம் பெற்றவரே புகாருக்கு முதல் பொறுப்பு என்று அறிவிக்கலாம். போலி எண்களை நீக்கும் பொறுப்பைத் தேடுபொறி நிறுவனங்களுக்கும் வகுக்கலாம்.

அதுவரை, சந்தாதாரர் தம் கையில் இருக்கும் கருவிகளை அறிந்திருப்பது நல்லது. தானியங்கிப் பணப்பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பதும், அதை நிறுத்தும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்பதும் 2021 அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. யுபிஐ செயலியில் உள்ள தானியங்கிக் கட்டணப் பகுதிக்குச் சென்று, தளத்தின் தயவின்றியே அந்த ஒப்புதலை ரத்து செய்யலாம். தளத்தில் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் தமிழிலேயே புகார் அளிக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை. மோசடியில் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். உதவி எண்ணை ஒருபோதும் தேடுபொறியில் தேடாமல், செயலிக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும்.

மாதம் நூறோ இருநூறோ போனால் போகட்டும் என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு அது சிறு தொகை. விட்டுக்கொடுத்த அனைவரின் தொகையையும் கூட்டினால் அது பெரும் வருவாய். உதவி என்பது நிறுவனம் காட்டும் கருணையல்ல. விற்கப்பட்ட சேவையின் பகுதி. பணம் பெறும்போது திறந்திருக்கும் கதவு, குறை சொல்ல வரும்போதும் திறந்திருப்பதை உறுதிசெய்வது அரசின் கடமை.