மயக்க ஊசிச் சாவு: கணக்கு எங்கே?

மங்களூர் வட்டாரத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் விருத்தாசலம், பெரம்பலூர், கடலூர் என்று ஓட வேண்டும். நகையை அடகு வைத்து, வேன் பிடித்துப் போகிறார்கள். "ஆபரேஷன் பண்ற டாக்டர் யாரு?" என்று கேட்பார்கள். மயக்க ஊசி போடுவது யார் என்று யாரும் கேட்பதில்லை!

ஊசி போட்டவர் கண் விழிக்காவிட்டால்?

"ஹார்ட் நின்னு போச்சு" என்று ஒரு வரி. உறவினர்கள் மறியல். போலீசார் சமாதானம். பிரேத பரிசோதனை. அதோடு பைல் மூடப்படும். மருந்தின் அளவா, குழாய் இடம் மாறியதா, வெறும் வயிற்றில் வராததா? அடுத்த ஊர் டாக்டருக்கு அது தெரியவே தெரியாது. விருத்தாசலத்துச் சூளையில் ஒரு அடுக்கு பீங்கான் பொம்மை வெடித்தால்கூட ஏன் என்று பார்க்காமல் விடமாட்டார்கள்.

2011-ல் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு வாயு போய்விட்டது. நினைவு திரும்பாமலே கிடந்து மறு ஆண்டு இறந்தார். கணவர் ஐகோர்ட் மதுரைக் கிளை வரை போனதால்தான் அது வெளியே பேசப்பட்டது. கோர்ட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் கதி?

பிரசவத்தில் தாய் இறந்தால் தமிழ்நாட்டில் சங்கதி வேறு. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, தகவல் கொடுத்தே ஆக வேண்டும். டாக்டர்கள் கூடி ஒவ்வொரு சாவையும் அலசுகிறார்கள். மயக்க ஊசிச் சாவுக்கு மட்டும் ஏன் அந்தக் கட்டாயம் இல்லை?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1960 முதல் இதற்கென்றே கமிட்டி இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நோயாளி இறந்தால் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சொன்னால் ஜெயிலா என்று டாக்டர்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் உண்டு. படுமோசமான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மீது கிரிமினல் குற்றம் என்று 2005-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனாலும் கூட்டம் கூடிவிட்டால் யார் அதைப் படித்துக் காட்டுவது? ஆகவே கமிட்டி விசாரணை ரகசியமாக இருக்கட்டும். போலீஸ் விசாரணை தனியாக நடக்கட்டும். குடும்பத்துக்கு மட்டும் காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

சுகாதாரத் துறை ஒரு பக்கத்துப் பாரம் அச்சடித்தால் போதும். ஊசி போட்டவர் யார், என்ன படிப்பு, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் காட்டும் கருவி மாட்டியிருந்ததா? கடலூர் மாவட்டத்திலேயே ஆரம்பிக்கலாமே!