இருட்டு நோயும் பாவப் பட்டியலும்

நார்வே தேசத்தின் வடகோடியில் ட்ரொம்சோ என்று ஓர் ஊர் இருக்கின்றது. அங்கு நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே கிடையாது. சுற்றிலுமுள்ள மீன்பிடிக் கிராமங்களுக்கும், துருவ மான் மேய்க்கும் சாமி என்னும் இனத்தாருக்கும் (இது நமது கோவில் சாமியல்ல) ஏறக்குறைய இதே கதிதான். சூரியன் கடவுளென்றும், ஏழு குதிரை பூட்டித் தேரோட்டுகிறானென்றும் சொல்லி அர்க்கியம் விடும் புரோகிதர்களைக் கேட்கின்றோம்: இந்த ஜனங்கள் செய்த குற்றமென்ன? குதிரைக்குத்தான் குளிர் தாங்கவில்லையா? பூமியின் அச்சு சுமார் 23½ பாகை சாய்ந்திருக்கிறது. அதுதான் காரணம். வேறொன்றுமில்லை.

இத்தகைய தேசங்களில் மாரிக்காலம் வந்ததும் எல்லோருக்குமல்ல, சிலருக்கு மனம் சோர்ந்துவிடுகின்றது. எவ்வளவு தூங்கினாலும் அசதி தீருவதில்லை, வேலையில் நாட்டமில்லை, உயிர் வாழ்வதே பாரமாய்த் தோன்றுகிறது. வசந்தம் வந்தால் தெளிந்துவிடுகிறது. இதற்கு மதம் சொன்னதென்ன? 6-ம் நூற்றாண்டில் கிரிகோரி என்ற போப்பு வகுத்த ஏழு பெரும் பாவங்களில் துக்கமும் ஒன்று! பின்னால் வந்தவர்கள் அவ்விடத்தில் சோம்பலை வைத்தார்கள். நோயாளியைப் பாவியாக்கியதுதான் மதம் செய்த வைத்தியம்!

1984-ல் அமெரிக்காவில் ரோசெந்தால் என்ற வைத்தியரும் அவரது கூட்டாளிகளும் இதை ஒரு நோயென்று விவரித்துப் பெயரிட்டார்கள். கண்ணில் விழும் காலை வெளிச்சமே உடலின் கடிகாரத்தைத் திருத்துவது. அது குறைந்தால் கடிகாரம் தடுமாறுகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். விடியற்காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் பிரகாசமுள்ள விளக்கின் முன் உட்காரச் செய்வது ஒரு சிகிச்சை. பேச்சு வைத்தியமும் மருந்தும் உண்டு.

அத்தேசத்தின் தெற்கே, மலைகளுக்கிடையிலுள்ள ர்யூகான் என்ற ஊரில் வருஷத்தில் சுமார் ஆறு மாதம் வெயில் விழாது. அவர்கள் யாகம் செய்யவில்லை. ஜனங்கள் மேலே போய் வெயில் காய 1928-ல் கம்பிவழி வண்டி அமைத்தார்கள். 2013-ல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர் நடுவே வெயிலை இறக்கினார்கள்.

தோழர்களே! சோர்ந்து கிடப்பவனைச் சோம்பேறியென்று ஏசினால் அவன் நோயை மறைப்பான். மறைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, அவனுக்கு வேண்டியது பாவமன்னிப்பல்ல, வைத்தியமே. அந்த விளக்கும் வைத்தியரும் பட்டணத்தோடு நின்றுவிடாமல் கடைக்கோடிக் கிராமத்திற்கும் எட்டவேண்டுமென்பதே நமது கோரிக்கை.