மறுத்தவர் யார்?

"பெற்றோர் இசைவளிக்கவில்லை." மூளைத் தொற்று ஐயத்துடன் சேர்க்கப்படும் குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளில் இவ்வரி எளிதாக எழுதப்பட்டுவிடுகிறது. முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கப் பெற்றோர் ஒப்பவில்லை என்பது பொருள். காரணம் அறியாமை என்று தீர்ப்பும் உடன் வருகிறது. இசைவு எந்த மொழியில் கேட்கப்பட்டது என்பதை எவரும் வினவுவதில்லை.

காசநோய் மும்பையை விட்டு நீங்காத நோய். அன்று பரிசோதிக்கப்பட்ட எம்மருந்துக்கும் மசியாத காசநோய் பற்றிய அறிக்கை 2011இல் வெளிவந்ததும் இந்நகரிலிருந்துதான். குழந்தையின் மூளையுறையை அது பற்றும்போது, வாரக்கணக்கில் இலேசான காய்ச்சல், பசியின்மை, சோர்வு, வாந்தி என ஊர்ந்தே வருகிறது. வலிப்பும் மயக்கமும் கண்டபின் தொடங்கும் சிகிச்சை உயிரைக் காத்தாலும் பார்வையையோ செவியையோ நடையையோ மீட்டுத் தராமற் போகலாம்.

வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லோ 'மூளைக்காய்ச்சல்' ஒன்றே. வைரஸ், பாக்டீரியா, காசநோய்க் கிருமி ஆகிய மூன்றின் தாக்குதலும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. சிகிச்சை அப்படி அடங்குவதில்லை. பாக்டீரியாத் தொற்றுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காசநோய்க்கு மாதக்கணக்கில் கூட்டு மருந்துகள் வேண்டும். வேறுபாட்டை அறியவும், எம்மருந்து பலிக்கும் என்று கணிக்கவும் பெரிதும் துணைநிற்பது அந்தத் தண்டுவட நீரே.

ஊசி போட்டால் கால் விளங்காமற் போகும் என்று பாண்டுப் மலைச்சரிவில் வாழும் ஒரு தமிழ்த்தாய் அஞ்சினால் அதில் வியப்பென்ன? கடைத்தெருவுக்குப் போதுமான இந்தி, தண்டுவடத்தைப் புரிந்துகொள்ளப் போதாது. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி நுழைகிறது என்பதைத் தமிழில் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அந்த நிமிடம் மருத்துவருக்கு இல்லை என்பர். மாநகராட்சி மருத்துவமனையின் கூட்டத்தைக் கண்டவர் அதை மறுக்கமாட்டார். எனவேதான் அது மருத்துவரின் பணியாக அன்றி, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளரின் பணியாக வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரின் தயவில் ஒரு குழந்தையின் மூளையை விட்டுவைப்பது நிர்வாகம் ஆகாது.

தமிழியல், மொழியியல் துறைகளும் இதில் கைகழுவ இயலாது. நிகர்ச்சொற்களுக்காகக் கருத்தரங்குகளில் வாதாடுவோர், அச்சொற்கள் குழந்தைகள் பிரிவின் வாயிலை எட்டினவா என்று பார்த்ததில்லை.

புரியாத மொழியில் நீட்டப்பட்ட தாளில் இட்ட கைநாட்டு இசைவும் அன்று. இடாத கைநாட்டு மறுப்பும் அன்று.