சனிக்கிழமை மதியத்தை ஓபராவுக்கே விடுங்கள்

1931ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் ஹம்பர்டிங்கின் ‘ஹான்சலும் கிரெட்டலும்’ நடந்தது. அதை என்பிசி வானொலி அமெரிக்கா முழுவதற்கும் ஒலிபரப்பியது. அப்போது தொடங்கிய வழக்கம் இன்னும் விடவில்லை. டிசம்பர் பிறந்தால் சனிக்கிழமை மதியங்களில் ஒரு முழு ஓபரா, இடைவேளைப் பேச்சுகளோடு, மூன்று நான்கு மணி நேரம் வானொலியில் போகிறது. வாக்னர் என்றால் இன்னும் நீளும். கேட்க நினைத்ததை நினைத்த நொடியில் கேட்க முடிகிற காலத்தில், வாரத்தின் ஒரு பகலையே இதற்கு ஒதுக்குவது பழம்பெருமை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓபராவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் கேட்க, அரங்குக்குப் போக வசதியில்லாத ஒருவருக்கு வானொலி அளவுக்கு இசைவான இடம் வேறு இல்லை. அந்த நேரத்தைக் கூறுபோட்டால் ஓபராவின் பொருளில் பாதி போய்விடும்.

ஓபரா கண்ணுக்கும் உரிய கலை, மேடையும் உடையும் நடிப்பும் போனால் மிஞ்சுவது குறைக்கலை என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் வானொலி தவழத் தொடங்கிய நாளிலேயே ஓபராவைத்தான் தேடிப் போனது. 1920 ஆகஸ்ட் 27 அன்று பியூனஸ் அயர்ஸில் சில இளைஞர்கள் கொலிசியோ அரங்கின் கூரையில் கருவியைப் பொருத்தி, கீழே நடந்த வாக்னரின் ‘பார்சிஃபால்’ ஓபராவை ஒலிபரப்பினார்கள். 1923 ஜனவரியில் பிபிசி தன் நிலையத்தை விட்டு வெளியே வந்து செய்த முதல் ஒலிபரப்பும் கோவன்ட் கார்டனிலிருந்து மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’தான். இவற்றைவிடப் பெரிய சாட்சி இசை நடத்துநர் டாஸ்கனினி. 1896இல் டூரின் நகரில் புச்சீனியின் ‘லா போஹேம்’ முதன்முதலாக மேடையேறியபோது அதை நடத்தியவர் அவர். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1946 பிப்ரவரியில், தம் 78ஆம் வயதில், அதே ஓபராவை என்பிசி வானொலிக்காக இரண்டு வாரங்களில் பகுதி பகுதியாக நடத்தினார். காட்சி ஜோடனை இல்லை, வேடம் இல்லை. அந்த ஒலிபரப்பின் பதிவை இன்றும் ரசிகர்கள் தேடிக் கேட்கிறார்கள். இசையமைப்பாளர் மெனோட்டி இன்னும் ஒரு படி மேலே போய், 1939இல் வானொலிக்கென்றே ஒரு ஓபராவை எழுதினார்.

காட்சி இல்லாமல் நிற்கும் ஓபரா, முழுமை இல்லாமல் நிற்காது. ‘லா போஹேம்’ ஓபராவையே பாருங்கள். முதல் அங்கத்தில் இருட்டறையில் தொலைந்த சாவியைத் தேடும்போது ரொடால்ஃபோவின் கை மிமியின் கையில் படுகிறது. இவ்வளவு சில்லிட்டிருக்கிறதே என்று அவன் பாடும் பாட்டு உலகப் புகழ்பெற்றது. தொகுப்புத் தட்டுகள் பலவற்றில் இருக்கும். நான்காம் அங்கத்தில் நோய் முற்றிச் சாகக் கிடக்கிறாள் மிமி. அப்போதும் அவள் கைதான் குளிர்கிறது. கைகளை நுழைத்துக் கதகதப்பாக வைத்துக்கொள்ளும் உறை ஒன்றை நண்பர்கள் கொண்டுவந்து தருகிறார்கள். முதல் சந்திப்பில் ஒலித்த மெட்டுகளை வாத்தியங்கள் தணிந்த குரலில் மீண்டும் எடுக்கின்றன. இடையில் வந்த காதலையும் சண்டையையும் பிரிவையும் கேட்டிருந்தால்தான் அந்த மெட்டுக்குப் பொருள். முதல் அங்கத்துப் பாட்டை மட்டும் கேட்டவருக்கு அது இனிமையான ஐந்து நிமிடம், அவ்வளவே. பிரிட்டனில் 1992இல் தொடங்கிய கிளாசிக் எஃப்எம், பிரபலமான பகுதிகளை மட்டும் எடுத்துப் போட்டே பிபிசி ரேடியோ 3ஐவிட மிக அதிகமான நேயர்களைச் சேர்த்திருக்கிறது. அதில் தவறில்லை. அது வாசல். எல்லாருமே வாசலோடு நின்றுவிட வேண்டும் என்று வானொலி நிர்வாகிகள் முடிவு செய்வதுதான் தவறு.

இணையத்தில் எல்லா ஓபராவும் கிடக்கிறதே என்பது அடுத்த வாதம். கிடக்கிறது. ஆனால் அதில் நாம் தேடுவது நமக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்ததைத்தான். 1935 பிப்ரவரி 2, சனிக்கிழமை. அதே மெட்ரோபாலிடன் ஒலிபரப்பில் வாக்னரின் ‘டி வால்கூரெ’. சீக்லிண்ட் பாத்திரத்தைப் பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் என்ற 39 வயது நார்வேக்காரர். அவருக்கு அந்த மேடையில் அதுதான் முதல் நாள். ஸ்காண்டிநேவியாவுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் சொற்பம். இடைவேளையில் பேச வந்த பழைய பாடகி ஜெரால்டின் ஃபாரர், எழுதி வைத்த குறிப்பை ஒதுக்கிவிட்டு, புதிய நட்சத்திரம் பிறந்திருக்கிறது என்று பரவசப்பட்டார். நாடு முழுவதும் அதே நேரத்தில் கேட்டது. தேடுபொறியில் யாரும் தட்டச்சு செய்திருக்க முடியாத பெயர் அது. ஒன்று சொல்ல வேண்டும்: அறிவிப்பாளருக்கு வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும். 1931இன் முதல் ஒலிபரப்பில் டீம்ஸ் டெய்லர் இசையின் மேலேயே விளக்கம் பேசியதற்கு நேயர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எளிதானதல்ல. கொஞ்சம் பேர் கேட்பதற்குப் பெரிய தொகையா என்று கேட்பவர்களைக் கலை விரோதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வரலாறு வேறு ஒன்றைக் காட்டுகிறது. பொருளாதாரப் பெருமந்தத்தில் மெட்ரோபாலிடன் தள்ளாடியபோது, அந்த அரங்கையே பார்த்திராத வானொலி நேயர்கள் பணம் அனுப்பித் தாங்கினார்கள். 1940 டிசம்பரிலிருந்து 2004 வரை டெக்சகோ எண்ணெய் நிறுவனம் செலவை ஏற்றது. (அதன் தலைவர் நாஜித் தொடர்பு சர்ச்சையில் பதவி விலகியதும் அதே 1940இல்தான், நல்ல பெயருக்கு அப்போது அவசரத் தேவை இருந்தது.) நோக்கம் எதுவானாலும், இசைக்கு நடுவே பெட்ரோல் விளம்பரம் புகவில்லை. நேயர் குறைவு என்பதும் முழு உண்மையல்ல. 2005 ஜூனில் ரேடியோ 3 ஒரு வாரம் முழுக்க பீத்தோவனுக்கே கொடுத்து, ஒன்பது சிம்ஃபொனிகளையும் இலவசமாகப் பதிவிறக்க விட்டபோது, சுமார் 14 லட்சம் பதிவிறக்கங்கள் நடந்தன. இசைத்தட்டு நிறுவனங்களே முணுமுணுத்தன.

ஓபராவுக்கு நேரம் ஒதுக்குவதைத் திணிப்பு என்று சொல்வார்கள். திணிப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், சாஸ்திரிய இசையை வளர்ப்பதற்காகத் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து விரட்டினார். நேயர்கள் ரேடியோ சிலோனுக்குப் போனார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அரசு சமாளித்தது. வாரத்தில் ஒரு மதியத்தைக் கேட்பது அந்த வகை அல்ல. பிறர் பாட்டை யாரும் பறிக்கவில்லை. நிலையத்தார் தங்கள் ரசனையை வைத்து வடிகட்டும் ஆபத்து மட்டும் உண்மையானது. 2023இல் வட கரோலைனாவின் டபிள்யூசிபிஈ நிலையம், மெட்ரோபாலிடன் தரும் சமகால ஓபராக்கள் சிலவற்றை உள்ளடக்கம் சரியில்லை என்று ஒலிபரப்ப மறுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் முடிவை மாற்றிக்கொண்டது. குறித்த நேரம், குறித்த வரிசை என்று இருந்ததால்தான் விடுபட்டது எது என்று நேயர்களுக்குத் தெரிந்தது, கேள்வியும் கேட்க முடிந்தது.

மெட்ரோபாலிடன் ஒலிபரப்பைப் பல அமெரிக்க நிலையங்கள் இணையத்திலும் தருகின்றன. நியூயார்க்கில் மதியம் ஒரு மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு பதினொன்றரை. வரும் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே படித்துவிட்டு, முதல் அங்கத்திலிருந்து கடைசி அங்கம்வரை இருந்து கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அதன் பிறகு சொல்லுங்கள்.