கட்டணத்துடன் கடமை முடிந்துவிடுவதில்லை

நியூ லின்னிலும் அதனைச் சூழ்ந்த மேற்கு ஒக்லாந்துப் பகுதிகளிலும் வாழும் எம்மவர் குடும்பங்களில், பிள்ளை ஒன்பதாம் ஆண்டை நெருங்கும்போது ஒரு கேள்வி எழுகின்றது. அயலிலுள்ள அரச பாடசாலையா, எப்சம் பகுதியிலுள்ள தனியார் கல்லூரியா? பின்னதற்காக இரவு பகலாக உழைக்கும் பெற்றாரின் தியாகம் மதிப்புக்குரியது. எனினும் அக்கட்டணம் எதனைப் பெற்றுத்தரும், எதனைப் பெற்றுத்தராது என்பதை நாம் ஆராய வேண்டும்.

மெல்பேண் நகரின் புகழ்பெற்ற தனியார் பாடசாலைகளுள் ஒன்றான ட்ரினிற்றி கிராமர், 2018 மார்ச்சில், நீண்டகாலம் பணியாற்றிய பிரதி அதிபரைப் பதவிநீக்கியது. மாணவன் ஒருவனின் தலைமுடியை அவர் வெட்டியதே காரணமாகக் கூறப்பட்டது. மாணவர், பெற்றார், பழைய மாணவர் எனப் பலரும் கொதித்தெழுந்தனர். பாடசாலைப் பேரவையின் தலைவர் விலகினார். சுயாதீன விசாரணையின் பின்னர் பிரதி அதிபர் மீளவும் பணியில் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் அதிபரும் பதவி விலகினார்.

தலைமுடி ஒரு சாட்டு மட்டுமே. பாடசாலை பண்பை மறந்து பரீட்சைத் தரவரிசையையும் வளர்ச்சியையும் துரத்துகின்றது என்பதே பழைய மாணவரின் அடிப்படைக் குற்றச்சாட்டு. ஆனால் பாடசாலைகளுக்குத் தரவரிசையைக் கற்றுக்கொடுத்தவர் யார்? சேர்க்கைக் கூட்டங்களில் மருத்துவபீடத்துக்கு எத்தனை பேர் தெரிவாயினர் என்று முதலில் கேட்பவர்கள் பெற்றாராகிய நாமே. ஊரில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையுடன் தொடங்கும் ஓட்டத்தை, கடல் கடந்தும் பிள்ளைகளின் தோள்களில் சுமத்தியுள்ளோம். நாம் எதனைக் கேட்கின்றோமோ, அதனையே தலைமைகளும் தருகின்றன. அதிகாரத்தைத் தட்டிக்கேட்க வேண்டிய வேளையில், பெறுபேறு நன்றாக இருக்கின்றதே என்று மௌனம் காக்கின்றோம்.

1989 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இந்நாட்டின் அரச பாடசாலைகளைப் பெற்றார் தெரிவுசெய்யும் நிர்வாக சபைகளிடம் ஒப்படைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறுகின்றது. அச்சபைகள் தகவல் அறியும் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. தனியார் பாடசாலைகளுக்கு இக்கடப்பாடுகள் இல்லை. கட்டணம் செலுத்துபவர் வாடிக்கையாளராகலாம், வாக்காளராவதில்லை. இருந்தும், வாக்குரிமை உள்ள இடத்திலேயே எம்மவர் எத்தனை பேர் வாக்களிக்கின்றோம்? எத்தனை பேர் வேட்பாளராக முன்வருகின்றோம்?

தனியார் பாடசாலையைத் தெரிவுசெய்யும் பெற்றார், கையொப்பமிடுமுன் சிலவற்றைக் கேட்டறிதல் அவசியம். நிர்வாக சபையை யார் நியமிக்கின்றனர்? அதிபர்மீதே முறைப்பாடு எழுந்தால் அதனை விசாரிப்பவர் யார்? கல்வி மீளாய்வு அலுவலகத்தின் அறிக்கை யாது கூறுகின்றது?

இளையோரே, உங்களுக்கும் இதில் இடமுண்டு. ஒன்பதாம் ஆண்டும் அதற்கு மேலும் உள்ள அரச பாடசாலைகளின் சபைகளில், மாணவர்களால் தெரிவுசெய்யப்படும் பிரதிநிதி ஒருவர் அமர்கின்றார். அவர் முழு வாக்குரிமையுள்ள உறுப்பினர். அந்த ஆசனத்துக்கு எமது பிள்ளைகளும் போட்டியிட வேண்டும்.

பிள்ளையின் புள்ளிகளைக் கேட்கும் அதே குரலில் பாடசாலையின் நேர்மையையும் கேட்போம். கேட்கும் பழக்கமுள்ள சமூகத்தையே தலைமைகள் மதிக்கும்.

– ஆசிரியர் குழு