பதவி போன பின் எதை விற்றுப் பிழைப்பது?

அவப்பெயரோடு ஓர் அமைச்சர் பதவி விலகியதும் அவரைப் பற்றிய கோப்பை நாம் மூடிவிடுகிறோம். குற்றச்சாட்டு, சட்டமன்ற அமளி, விலகல் கடிதம் ஆகியவை ஆய்வேடுகளில் இடம்பெறுகின்றன. அதன் பின் அவர் எவ்வாறு பொருளீட்டினார் என்பது 'தனிப்பட்ட வாழ்க்கை' என்று ஒதுக்கப்படுகிறது. பொதுநலன் சார்ந்த கேள்வி அங்குதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

திருவனந்தபுரத்தில் அரசியல் வரலாறு பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர் பி. டி. சாக்கோ. கேரளச் சட்டமன்றத்தின் முதல் எதிர்க்கட்சித் தலைவர், பின்னர் ஆர். சங்கர் அமைச்சரவையில் உள்துறை அமைச்சர். 1963 டிசம்பரில் திருச்சூர்ப் பகுதியில் அவர் சென்ற கார் ஒரு கைவண்டியில் மோதியது. காரில் ஒரு பெண் இருந்தார் என்ற பேச்சு விபத்தைவிடப் பெரிதாயிற்று. 1964 பிப்ரவரி 20 அன்று அவர் பதவி விலகினார். அவ்வாண்டு செப்டம்பரில் அவருடைய ஆதரவாளர்களான 15 காங்கிரஸ் உறுப்பினர்கள் சங்கர் அமைச்சரவையைக் கவிழ்த்தனர். அக்டோபரில் கோட்டயத்தில் கேரளா காங்கிரஸ் பிறந்தது.

ஒரு கட்சியின் தோற்றக் கதையாகவே இது சொல்லப்படுகிறது. இடைப்பட்ட ஐந்து மாதங்களுக்கு ஒரே வரிதான் கிடைக்கிறது: சாக்கோ வழக்குரைஞர் தொழிலுக்குத் திரும்பினார். ஆகஸ்ட் 1 அன்று, ஒரு வழக்கு தொடர்பாக நிலத்தைப் பார்வையிடச் சென்ற இடத்தில், கோழிக்கோடு மாவட்டத்துக் காவிலும்பாறையில் மாரடைப்பால் இறந்தார். அந்த ஒரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதவி போன பின் அவர் கையில் எஞ்சியது, பதவிக்கு முன்பே அவரிடமிருந்த கருப்பு அங்கி.

இதற்குச் சில மாதங்கள் முன்பு, 1973 அல்ல, 1963இல் பிரிட்டனில் ஜான் புரொஃப்யூமோ வீழ்ந்ததை ஒப்பிடுவோர் உண்டு. ஆனால் தொழில் வாழ்க்கையை ஒப்பிட அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஸ்பைரோ ஆக்னியூவே பொருத்தமானவர். அவர் 1973 அக்டோபர் 10 அன்று, வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடாமல், பதவி விலகினார். அவரும் வழக்குரைஞரே, ஆனால் 1974இல் மேரிலாந்து நீதிமன்றம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. பின்னர் அவர் பன்னாட்டு வணிக ஆலோசகரானார். சட்ட அறிவை விற்க வழியில்லாதவர் விற்கக்கூடியது என்ன? பதவிக்காலத்து அறிமுகங்கள்தாம்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி எளியது: முன்னாள் அமைச்சர் தம் திறமையை விற்கிறாரா, தாம் வகித்த நாற்காலியின் நிழலை விற்கிறாரா? இக்கோடு எப்போதும் தெளிவாக இராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியபோது அமைச்சரவையில் இருந்தவர், சில மாதங்களில் வழக்குக்காக நிலம் பார்க்கச் செல்வதில் திறமை எவ்வளவு, பதவி தந்த அறிவு எவ்வளவு? சாக்கோவின் நேர்மையை நான் ஐயுறவில்லை. அப்படி ஐயுறாமல் இருக்க நமக்கு விதி ஒன்று தேவை என்கிறேன்.

அந்த விதி அதிகாரிகளுக்கு இருக்கிறது. ஓய்வு பெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி, ஓராண்டுக்குள் வணிக நிறுவனத்தில் சேர அரசின் அனுமதி பெற வேண்டும். அவருக்கு ஆணையிட்ட அமைச்சருக்கு அத்தகைய தடை இல்லை. அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள், பதவியில் இருக்கும்வரை வணிகத் தொடர்பைத் துண்டிக்கச் சொல்கின்றன. பதவி முடிந்த மறுநாளைப் பற்றி மௌனம் காக்கின்றன.

வீழ்ந்தவரையும் பட்டினி போடுவதா என்று கேட்கலாம். தொழில் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு எல்லோருக்கும் அளிக்கிறது. அது அவருக்கும் உரியது. ஆனால் அதே பிரிவு பொதுநலன் கருதிய நியாயமான கட்டுப்பாடுகளையும் ஏற்கிறது. சில ஆண்டுகள் காத்திருத்தலும், வருவாய் எங்கிருந்து வருகிறது என வெளிப்படுத்துதலும் தண்டனை ஆகா. நேர்மையாகத் தொழிலுக்குத் திரும்புவோருக்கு அவையே கவசம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு செய்தி. ஆக்னியூ வாங்கிய லஞ்சத்தை மேரிலாந்து மாநிலத்துக்கு மீட்டுத் தந்த வழக்கின் தொடக்கத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் இருந்தனர். 1983இல் அவர் வட்டியோடு 2,68,482 டாலர் செலுத்த நேர்ந்தது. பதவி விலகி ஒன்பது ஆண்டுகள் கடந்தும் ஒரு வகுப்பறை கோப்பை மூடவிடவில்லை. நம் தலைமைச் செயலகத்தின் வாயிலைத் தாண்டி வெளியே சென்றவர்களின் பின்வாழ்வை எந்தத் துறை ஆராய்கிறது? மாற்றுக் கருத்துகளையும் ஆய்வுத் தரவுகளையும் எதிர்பார்க்கிறேன்.